கார்பரேட்டர் காரில் முதல் டிராக் டே: செட்டிபாளையம் கிளம்பும் முன் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) 1996-ல் வாங்கிய மாருதி 800 இப்போது என்னிடம் இருக்கிறது. கார்பரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய காலக் கருவி உள்ளது. அந்த வண்டியைக் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியதிலிருந்து, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு என்று பல பக்கத்திலிருந்தும் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிராக் டே என்பது பந்தயம் இல்லை. சொந்த வண்டியை, எதிரே யாரும் வராத பாதையில், நேரம் பிரித்துக் கொடுத்து ஓட்ட விடும் நாள். அவ்வளவுதான்.

ஏனுங்க, நம்ம பழைய 800 டிராக்கெல்லாம் தாங்குமுங்களா?

தாங்கும். 650 கிலோவை ஒட்டிய எடை, 40 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவான எஞ்சின். எடை குறைந்த வண்டியை நிறுத்துவது எளிது, டயரையும் பிரேக்கையும் அது அதிகம் தின்னாது. கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், திருப்பங்கள் நெருக்கமாக வரும். பெரிய எஞ்சின் வண்டிக்காரர் நேர்ப்பாதையில் பறந்து போனாலும் திருப்பத்தில் உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். அந்த டிராக்குக்குப் பெயர் தந்த கோவை கரிவரதன், மாருதி உறுப்புகளை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கட்டியவர். மாருதி அந்த மண்ணுக்குப் புதிதில்லை.

ஆனால் இரண்டு விஷயம் இருந்தால் போகாதீர்கள். ஒன்று, தரைத் தகடும் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களும் துருப்பிடித்திருப்பது. கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் வெல்டிங், அப்புறம்தான் டிராக். இரண்டாவது, நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கும் எஞ்சின். ஊருக்குள் ஓட்டும்போது அது பொறுத்துக்கொள்ளும். இருபது நிமிடம் தொடர்ந்து உயர்ந்த எஞ்சின் சுற்றில் (ஆர்.பி.எம்.) ஓட்டினால் பொறுக்காது.

முதல் தடவைக்கு எஞ்சினில் என்ன மாற்றினால் வேகம் கூடும்?

எதையும் மாற்றாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிப்போகிறது, தெரியும். பெரிய ஏர் ஃபில்டர், நேர்ச் சைலன்சர், டபுள் கார்பரேட்டர் என்று முதலில் செலவு செய்தவர்கள் மூன்றாவது சுற்றில் பிரேக் போய், பானெட்டைத் திறந்து வைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் காசு முதலில் நிற்பதற்கு. அடுத்தது சூடு ஏறாமல் இருப்பதற்கு. மூன்றாவது, பெட்ரோல் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வருவதற்கு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கம்பெனியில் வந்த எஞ்சினே போதும்.

கார்பரேட்டரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

கழற்றித் திறந்து பார்க்க வேண்டும். மேலே கிளீனர் ஸ்ப்ரே அடித்துவிட்டுச் "சர்வீஸ் பண்ணிட்டேன்" என்பது கணக்கில் வராது. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் அடியில் பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி ஒன்று படிந்திருக்கும். பல வருடத்துப் பெட்ரோல் வண்டலும் டேங்க் துருவும் சேர்ந்தது. மெதுவாக ஓட்டும்போது அது அடியிலேயே கிடக்கும். வண்டி வேகமாகத் திரும்பும்போது கலங்கி, எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டுக்குள் போய் உட்காரும். ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த ஜெட் எதற்கும் ஆகாது.

அடுத்து நீடில் வால்வு. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறியதும் மிதவையான ஃப்ளோட் மேலே எழுந்து இந்த வால்வை மூடும். அதன் கூர்முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனையைச் சுற்றி மோதிரம் போல ஒரு தேய்மானக் கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அந்தக் கோடு இருக்கும் வால்வு முழுதாக மூடாது. திருப்பத்தில் ஃப்ளோட் குலுங்கும்போது பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூச்சு முட்டும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்திருக்கிறது. ஃப்ளோட் உயரத்தை மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள். கண்மதிப்பில் வைக்கக் கூடாது.

பெடலை மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்துப் போயிருந்தால், திருப்பம் முடிந்து பெடலை மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் கிளம்பும். ஊரில் நாம் அதற்குப் பழகியிருப்போம். டிராக்கில் அந்த ஒரு கணத்தில் பின்னால் ஒரு வண்டி நெருங்கியிருக்கும்.

எல்லாம் மாட்டியபின் நல்ல சூட்டில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் முழுசாக மிதித்துக் கொஞ்ச தூரம் போய், கிளட்சை மிதித்துச் சாவியை ஒரு படி மட்டும் அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். ஆளில்லாத நேர்ச் சாலையில் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். இளங்காப்பி நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இந்த நிலையில் டிராக்குக்குப் போனால் வால்வும் பிஸ்டனும் வேகும். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். அது மைலேஜைக் கெடுக்கும், எஞ்சினை உடனே கெடுக்காது.

இ20 பெட்ரோல் பழைய கார்பரேட்டருக்கு ஆகுமா?

இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான், அதனால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ20-க்கு இது ஏறத்தாழ 13.5 என்று ஆகிறது. புதிய இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்குக் கண் கிடையாது. ஜெட் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். ஆக பழைய ஜெட்டில் இ20 ஊற்றினால் கலவை 8 சதவீதம் அளவுக்கு மெலிந்துபோகும். அரை மிதியில் தெரியாது, டிராக்கில் முழு மிதியில் தெரியும். பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டில் ஒரு சைஸ் கூட்டிப் போட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொரு தொல்லை ரப்பர். அந்தக் காலத்து பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலைத் தாங்கும் பொருளில் செய்ததில்லை. ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை போல வெடிப்பு தெரியலாம், அல்லது தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டலாம். இரண்டில் எது இருந்தாலும் டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை மொத்தமாக மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், கிளாம்பும் புதிதாகப் போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலோடு டிராக்குக்குப் போகாதீர்கள். இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

திருப்பத்தில் வண்டி திடீரென்று இழுவை குறைந்து அமுங்குகிறது. எதனால்?

எங்கே அமுங்குகிறது என்று கவனித்தால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

நீண்ட திருப்பத்தின் நடுவில் அமுங்கி, நேரானதும் தானாகச் சரியானால் அது ஃப்ளோட் சேம்பர். பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஜெட் வெறுமையாகிறது, அல்லது மறுபக்கம் வழிகிறது. ஃப்ளோட் உயரத்தைச் சரிபாருங்கள். அதே சமயம் டேங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்கட்டும். டேங்கில் கொஞ்சமாக இருந்தால் திருப்பத்தில் அது ஓரத்துக்கு ஓடி, குழாய் காற்றை உறிஞ்சும். எடை குறையட்டும் என்று கால் டேங்கோடு வருகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

நேர்ப்பாதையின் கடைசியில், அதுவும் சுற்றுக்குச் சுற்று சீக்கிரமாக அமுங்கினால் பெட்ரோல் வரத்துப் போதவில்லை. ஃபில்டர், பம்ப், டேங்க் மூடியின் காற்றுத் துளை என்ற வரிசையில் பாருங்கள். மூடித் துளை அடைத்திருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. வண்டி அமுங்கியதும் பிட்டுக்கு, அதாவது டிராக்கின் ஓரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு, உள்ளே வந்து மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் குற்றவாளி அதுதான்.

மென்மையாக அமுங்காமல் வெட்டி வெட்டி, டப் டப் என்று மிஸ்ஸிங் ஆனால் பெட்ரோலைத் தேடாதீர்கள். பிளக்குக்குத் தீப்பொறி தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர், பாயிண்ட் செட், காயில் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு.

நன்றாக ஓடி உள்ளே வந்து நிறுத்தியபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது சூடு. நிறுத்தியதும் எஞ்சின் சூடு மேலே ஏறி கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. அது வழிந்து எஞ்சினை நனைக்கும். இந்த நேரத்தில் பெடலைக் குத்திக் குத்தி மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பீய்ச்சும். பெடலை ஒரே அமுக்காகத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள், பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் பம்ப் சூட்டில் ஏர் லாக் ஆகியிருந்தால் (உள்ளே பெட்ரோல் ஆவியாகி வரத்தை அடைப்பது) மேட்டுப்பாளையம் குன்னூர் மலையேற்றத்தில் அந்தக் கால டிரைவர்கள் செய்ததையே செய்யலாம்: பம்ப் மேல் ஈரத்துணி. இன்றைக்கும் அது வேலை செய்கிறது.

ஆக்சிலரேட்டர் கேபிளை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

என் வண்டியில் நடந்ததால். டிராக்குக்கு இரண்டு நாள் முன்னால், பெடலுக்கு மேலே கேபிள் மாட்டும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழெட்டு இழைகள் பிரிந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு இழை உறைக்குள் மடங்கிப் போயிருந்தது. இன்னும் ஒரு முழு மிதி மிதித்திருந்தால் அது உள்ளே சிக்கி, பெடல் மேலே வந்திருக்காது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் "முழு செக்கப்" என்று காசு கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து கேபிளை நானே பார்க்கிறேன்.

கேபிள் புதிதாகப் போடுங்கள். கார்பரேட்டரில் இழுக்கும் ஸ்பிரிங் ஒன்று போதாது, இன்னொன்றும் சேர்த்து மாட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது மூடிவிடும். தரையில் போட்ட கால்மிதியை எடுத்துவிடுங்கள். பெடல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று வண்டி நிற்கும்போதே கையையும் காலையும் பழக்குங்கள்: கிளட்ச், பிரேக், பிறகு சாவியை ஒரு படி மட்டும் திருப்பி அணைத்தல். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பிரேக்குக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். முழுசாக, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரங்கள் உண்டு. புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. பாட்டிலில் குறைந்தபட்சம் என்று உறுதி சொல்லும் அளவுகள் இவை. ஊட்டியிலிருந்து பர்லியார் வழியாக இறங்கும்போது கியர் போடாமல் பிரேக்கிலேயே வந்தவர்களுக்கு அந்தக் கருகல் வாசனையும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவதும் தெரியும். மலையில் அரை மணி நேரத்தில் வருவது டிராக்கில் மூன்று சுற்றில் வரும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. புது டாட் 4 ஒரு பாட்டில் வாங்கும் செலவில் இதிலிருந்து தப்பிக்கலாம்.

பிறகு ரப்பர் பிரேக் ஹோஸ். ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு, ஹோஸை விரலால் பிடித்துப் பாருங்கள். அழுத்தும்போது வீங்கினால் மாற்றுங்கள். முன் பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும். பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பின்கள் கையால் தள்ளினால் நகர வேண்டும். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் ரப்பரின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் கசிகிறது. புது பேட் போட்டால் டிராக்குக்கு முந்தைய நாள் போடாதீர்கள். குறைந்தது இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஊரில் ஓட்டிப் பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

கம்பெனி சொன்ன அளவில் தொடங்குங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடத்துக்கு மேல் போன டயர் பட்டன் புதிதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் டயரின் ஓரத்தில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கவாட்டுக்குக் குறுக்காக மூன்று நான்கு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு தோள்பட்டையோடு அழிந்து நின்றால் காற்று சரி. பக்கவாட்டு எழுத்து வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். சூட்டில் நான்கைந்து பி.எஸ்.ஐ. தானே ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி பாருங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கியில் இல்லாமல் பிட்டில் இருக்கட்டும்.

கோவை வெயிலில் சூடு ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மார்ச் முதல் மே வரை தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செட்டிபாளையம் வரை வீசும். வண்டிக்கும் நல்லது, நிற்கிறவர்களுக்கும் நல்லது. ஆனால் எடை குறைந்த வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கைத் தளர விடாதீர்கள்.

ரேடியேட்டரை இறக்கி உள்ளே கழுவுங்கள். வெளிச் சிறகுகளில் அடைத்த பூச்சியையும் மண்ணையும் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்து எடுங்கள். மூடி பழையதென்றால் புதிது போடுங்கள். ஃபேன் ஓடுகிறதா என்று வண்டியை நிறுத்தியபடியே சூடேற்றிப் பாருங்கள். மாருதி ஜென், எஸ்டீம் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனம். அந்த எஞ்சின்கள் பிளாக் வரை அலுமினியம், ஒரு தடவை அதிகச் சூடானால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், தெரியாது என்பதே மாற்றக் காரணம்.

எஞ்சின் ஆயில்?

புது ஆயில், புது ஃபில்டர். தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ரகம் போதும். அளவுக் கம்பியில் மேல் கோடு வரை இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாருங்கள். திருப்பத்தில் ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கினாலும் மெதுவாக உள்ளே வந்துவிடுங்கள்.

பிரீமியர் பத்மினி கொண்டுவரலாமா?

தாராளமாக. ஆனால் நான்கிலும் டிரம் பிரேக். டிரம் சூடாகி விரியும்போது அதற்கும் உள்ளே உரசும் லைனிங்குக்கும் இடைவெளி கூடும், பெடல் நீளும். இரண்டு சுற்று வேகம், ஒரு சுற்று மெதுவாக என்று ஓட்டுங்கள். காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. ஹெட்டில் பழைய மென்மையான வால்வு சீட்டே இருந்தால் நீண்ட நேரம் உயர்ந்த சுற்றில் ஓட்டுவது அதைத் தேய்க்கும். ஹெட் வேலை செய்யும்போது கடினமான சீட் போட்டுவிடுங்கள், கோவையில் அதைச் செய்யத் தெரிந்த லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. சீட் பெல்ட் இல்லாத பழைய வண்டி என்றால், தகட்டுக்குப் பின்னால் பலம் கொடுத்து மூன்று முனை பெல்ட் மாட்டாமல் வரவே வராதீர்கள்.

பாதுகாப்புக்கு என்ன கொண்டுபோவது?

நல்ல ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, பாதம் மூடிய மெல்லிய அடியுள்ள ஷூ. கார்பரேட்டர் வண்டியில் சூடான எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது, ஆகவே இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் அவசியம். பெல்ட் போட்டபடியே கைக்கு எட்டும் இடத்தில் உலோகப் பட்டையால் இறுக்குங்கள். பேட்டரியை அசைத்துப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது. வண்டிக்குள் ஒரு பொருளும் தளர்வாக இருக்கக் கூடாது. டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாருக்கு ஒட்டு விட்டிருந்தால், கிளம்பும் முன் கும்பிட்டுவிட்டுப் பையில் பத்திரமாக வைத்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது முன்னால் வந்து பெடலுக்கு அடியில் விழும்.

இன்சூரன்ஸ் வருமா?

பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு சாதாரண மோட்டார் பாலிசி பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். இடித்தால் சொந்தச் செலவு என்று நினைத்தே ஓட்டுங்கள்.

அன்றைக்கு எப்படி ஓட்டுவது?

முதல் ஓட்டம் முழுவதும் பாதையைப் படிக்க மட்டும். பிரேக்கை நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிட்டுத் திருப்புங்கள். கொடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, மெதுவாகப் போங்கள், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாக உள்ளே வாருங்கள். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடுங்கள். கறுப்பு என்றால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். கட்டம் போட்டது ஓட்டம் முடிந்ததற்கு. நம் வண்டி மெதுவானது என்பதால் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். நேர்ப்பாதையில் கை காட்டி வழி விட்டால் பின்னால் வருகிறவரும் உங்களை மதிப்பார்.

கடைசிச் சுற்றில் பிரேக் பிடிக்காமல் மெதுவாக வந்து ஆற விடுங்கள். உள்ளே வந்ததும் எஞ்சினை ஒரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அப்புறம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பலாமா?

திரும்பலாம், ஆனால் பட்டென்று கிளம்பாதீர்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்து வண்டி தொடும் சூட்டுக்கு வந்ததும் வீல் நட்டுகளை ஸ்பானர் போட்டு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், முதல் நாளில் ஒன்றாவது கால் திருகு இறுகும். ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில் அளவு மூன்றையும் பாருங்கள். வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்த்து, தரையில் புதிதாகச் சொட்டு விழுந்திருந்தால் விரலில் தொட்டு எது என்று மோந்து தெரிந்துகொள்ளுங்கள். டிராக் கேட்டைத் தாண்டியதும் மெதுவாகப் போய், ரோட்டில் நாலு தடவை பிரேக் அழுத்திப் பாருங்கள். பெடல் காலையில் இருந்த அதே உயரத்தில் நின்றால் போத்தனூர் பக்கமோ பல்லடம் பக்கமோ உங்கள் வழியில் திரும்பலாம். துளியாவது கீழே போனால் ஓரமாக நிறுத்தி, பிரேக் குழாயில் காற்றெடுத்துவிட்டுப் போங்கள்.